செசிலியா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: நவம்பர் 22 அன்று எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்று புனித செசிலியா திருநாள். அந்தப் பெயரையே வைக்க எனக்கு ஆசை. ஆனால் அதற்குக் ‘குருடி’ என்று பொருளாம். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக வையுங்கள். உங்கள் மாமியார் கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல, ஆனால் பாதிக் கதைதான்.

செசிலியா என்பது முதலில் ஒரு குடும்பப் பெயர். பழைய ரோமில் கைகிலியுஸ் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லோருக்குமே கைகிலியா என்றுதான் பெயர். செசிலியாவின் பழைய லத்தீன் உச்சரிப்பு அது. அக்காவைப் பெரியவள், தங்கையைச் சின்னவள், அடுத்தவளை மூன்றாமவள் என்று பிரித்துச் சொல்வார்கள். பார்வையற்றவர் என்று பொருள்படும் ‘கைகுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து அந்தக் குலப்பெயர் வந்ததாகச் சொல்வது வழக்கம். உடற்குறையைப் பட்டப்பெயராக வைப்பதை ரோமானியர் இழிவாக நினைக்கவில்லை. கி.மு. 312-இல் ரோமின் புகழ்பெற்ற நெடுஞ்சாலையான அப்பியன் சாலையைத் தொடங்கிய ரோமானியத் தலைவர் அப்பியுஸ் கிளாவுதியுஸுக்கே கைகுஸ் என்றுதான் பட்டம். அந்தச் சாலையோரத்தில்தான் கைகிலியா மெத்தெல்லா என்ற சீமாட்டியின் பெரிய கல்லறை இன்றும் நிற்கிறது. கிளாடியாவின் வேர்ச்சொல்லுக்கு ‘நொண்டி’ என்று பொருள், பவுலாவுக்குச் ‘சிறியவள்’. அந்தப் பெயர்களை யாரும் ஒதுக்குவதில்லையே!

‘வானத்து லில்லி’ என்று சில பெயர்ப் புத்தகங்களில் போட்டிருக்கும். இடைக்காலத்தில் பக்தியால் கட்டிய விளக்கம் அது. மாமியாரைச் சமாதானப்படுத்த அதைச் சொல்லாதீர்கள். அவரிடம் புனிதையின் கதையைச் சொல்லுங்கள். திருமணத்தில் வாத்தியங்கள் முழங்கியபோது செசிலியா தம் உள்ளத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினார் என்பது மரபு. அதனால்தான் அவர் இசைக்குப் பாதுகாவலர், ஆலயப் பாடகர் குழுக்கள் கொண்டாடும் புனிதை. ரோமில் 1585-இல் தொடங்கிய புகழ்பெற்ற இசைக் கழகமும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

நான் கவலைப்படுவது எழுத்துக்கூட்டலைப் பற்றித்தான். நம் ஊரில் செசிலியா, சிசிலியா, செசிலி என்று பலவிதமாக எழுதுகிறோம். ஞானஸ்நானப் பதிவில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று என்று ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். ஆங்கிலத்தில் உலகெங்கும் பழகிய எழுத்து சி, இ, சி, ஐ, எல், ஐ, ஏ. தமிழில் செசிலியா. இரண்டையும் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் எழுதுபவர் காதில் விழுந்தபடிதான் பதிவாகும். இன்ஷியலையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால் அதில் பெயர் ஏறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் கூப்பிட ‘சீலியா’ அழகாக இருக்கும். அது வேறொரு ரோமானியக் குலத்திலிருந்து வந்த தனிப்பெயர், ஆனாலும் செசிலியாவின் செல்லப்பெயராக நெடுநாளாகவே புழங்குகிறது.