பதினெட்டு வயது முடியாதவரையும் ஏன் சேர்ப்பதில்லை?

வணக்கம். 2008 டிசம்பரில் பிறந்த உங்கள் மகளுக்கு 2026 டிசம்பர் வரையில் பதினெட்டு நிறையாது என்பதால், அவ்வாண்டின் பதினேழு வயதுக்குட்பட்ட மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக்கு அவர் தகுதியானவர்தானே என்று கேட்டிருந்தீர்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, போட்டி நாளன்று உள்ள வயதைப் பார்ப்பதில்லை. பிறந்த ஆண்டை மட்டுமே பார்க்கிறது. இந்தியாவில் நடந்த 2022 போட்டிக்கு 2005 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்திருக்க வேண்டும் என்றிருந்தது. மொராக்கோவில் நடந்த 2025 போட்டிக்கு அந்த நாள் 2008 ஜனவரி 1. அதே கணக்கில் 2026க்கு 2009 ஜனவரி 1 ஆகிறது. சில நாள் வித்தியாசத்தில் வாய்ப்பு நழுவுவது வருத்தம்தான், ஆனால் விதிவிலக்கு கிடையாது. பிறப்புச் சான்றிதழைத் 'திருத்தித் தருகிறேன்' என்று வரும் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் மகளின் ஆட்டமே முடிந்துவிடும்.

இனி அவர் குறிவைக்க வேண்டியது இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவு. இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் அந்தப் போட்டிக்கு இதே முறையில் கணக்கிட்டால் 2026, 2028 இரண்டுக்கும் அவர் வயது பொருந்துகிறது. இந்திய இளம் மகளிர் அணி மியான்மரை 1-0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் இப்பிரிவில்தான்.