பூநாரையின் கால்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழவேற்காடு ஏரியில் தனித்தனியாக எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து, பறவைக் கூட்டமொன்றை நீர்வண்ணத்தில் தீட்டி இத்துடன் அனுப்பியுள்ளேன். இறகின் வெண்மைக்கு எந்த வெள்ளை வண்ணம் ஏற்றது? புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா?

ம.

அன்புள்ள ம.,

பறவைகள்மேல் உங்களுக்குள்ள பிரியம் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது. வெள்ளை வண்ணம் வாங்கவே வேண்டாம். தாளின் வெண்மையை இறகுக்கென்று தீட்டாமல் விட்டுவைக்கப் பழகுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்களா இல்லையா என்பது எனக்குப் பொருட்டல்ல.

ஆனால் தண்ணீரை இப்படிக் கைவிட்டிருப்பதைப் பொறுக்க முடியவில்லை. பறவையை இறகு இறகாக வரைபவர்கள் அது நிற்கும் இடத்தை ஏன் வெறும் நீலத்தால் நிரப்பிவிடுகிறார்கள் என்று சில வாரங்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் ஓவியம் வந்தது. அதில் பூநாரையும் கூழைக்கடாவும் கொசு உள்ளானும் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் நிற்கின்றன. எப்படி நிற்கும்? சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான் ஈரச்சேற்றின் விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும், நீண்ட சிவந்த கால்களுள்ள பவளக்கால் உள்ளான் சற்று உள்ளே இறங்கும், பூநாரை அதற்கும் அப்பால் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையை அரித்தெடுக்கும், கூழைக்கடா மிதக்கும்.

அந்த ஏரியில் என்னை அழைத்துப்போன மீனவர், பறவைகளின் கால் எவ்வளவு வெளியே தெரிகிறதென்று பார்த்தே கழியை ஊன்றினார்; தரை தட்டுமென்று எனக்குத் தோன்றும் முன்பே படகைத் திருப்பிவிட்டார். அன்றுமுதல் பறவையின் காலைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறேன். பூநாரையின் கால் பின்னோக்கி மடியும் இடத்தை முழங்கால் என்று நினைத்து நீங்கள் மேலே தள்ளி வரைந்திருக்கிறீர்கள். அது கணுக்கால், முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. அந்தக் கணு நீருக்கு மேலே இருக்கிறதா, உள்ளே போய்விட்டதா என்று சரியாகக் காட்டினால், ஏரியின் ஆழம் தானே தாளில் வந்துவிடும்.

நிறத்திலும் இதே அலட்சியம்தான். பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமி உணவாக உள்ளே போய்த்தான் பூநாரை சிவக்கிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். உங்கள் கூட்டத்தில் சாம்பல் பறவை ஒன்றுகூட இல்லையே! வளர்ந்த பறவைக்கும் உடம்பெல்லாம் பெரும்பாலும் வெண்மைதான். அடர்சிவப்பு சிறகை விரிக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

மறுபடி பழவேற்காட்டுக்குப் போங்கள். பறவை எதையும் வரையாமல், கரையிலிருந்து நீர்வரை சேறு எங்கெங்கே நிறம் மாறுகிறதோ அதை மட்டும் ஒரு பட்டையாகத் தீட்டி எனக்கு அனுப்புங்கள்.