ஜென்ஸ் எவென்சன்: நார்வேயின் எண்ணெய் வளத்துக்கு ஒரு வக்கீல் எப்படிக் காரணமாக முடியும்?

எவென்சன் எண்ணெய்க் கிணறு எதுவும் தோண்டவில்லை, எல்லைக் கோட்டைச் சரியான இடத்தில் போட வைத்தார். 1963இல் வட கடலின் அடிப்பரப்புக்கு நார்வே உரிமை கோரியபோது வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. சிக்கல் என்னவென்றால், நார்வே கரையை ஒட்டியே ஆழமான பள்ளம் ஒன்று ஓடுகிறது, சில இடங்களில் 700 மீட்டர் இருக்கும், அதோடு உங்கள் எல்லை முடிந்தது என்று பிரிட்டன் அடித்துப் பேசியிருக்கலாம். ஆனால் பிரிட்டனோடு செய்த 1965 ஒப்பந்தத்தில் அந்தப் பள்ளத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் இரு கரைகளுக்கும் நடுக்கோடே எல்லையானது. 1969இல் கண்டுபிடித்த எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் நார்வே பக்கம்தான் இருக்கிறது! அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். அப்புறம் வர்த்தக அமைச்சர், கடல் சட்ட அமைச்சர், 1985 முதல் 1994 வரை ஹேக் சர்வதேச நீதிமன்ற நீதிபதி என்று பல பொறுப்புகளில் இருந்தார்.