தூர்தர்ஷன் எல்.பி.டி. (குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்) ஒளிபரப்பி: கேள்வி பதில்

கே: எல்.பி.டி. என்றால் ஊருக்கு ஒரு டிவி நிலையம்தானே? அப்புறம் ஏன் உள்ளூர் நிகழ்ச்சி வரவே இல்லை?

ப: ஸ்டுடியோவே கிடையாதே ஐயா. இன்சாட் செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷில் வாங்குவதை அப்படியே திருப்பி விடும் ரிலே அறை அது. 1983-ல் இன்சாட்-1பி மேலே போனது. 1984-ல் நான்கு மாதம் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று திறந்தார்கள். அந்த ஓட்டத்தில் ஸ்டுடியோ எங்கே கட்டுவது? வட்டாரத்துக்கென்றே நிகழ்ச்சி போட்டது குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பிஜ் கிராமம். 1 கிலோவாட், 1975 முதல் 1985 வரை.

கே: எல்.பி.டி.யின் 100 வாட் எவ்வளவு தூரம் போகும்?

ப: 30 மீட்டர் டவர், வீட்டில் 10 மீட்டர் கம்பம் என்றால் அலை நேராகப் போகக்கூடிய எல்லை, அதாவது அடிவானமே சுமார் 35 கிலோமீட்டர். தெளிவான படம் அதற்கு நிறைய முன்னாலேயே முடிந்துவிடும். அந்த 100 வாட்டும் படத்தின் உச்ச சக்தி. ஒலிக்கு 10 வாட்தான்.

கே: மழை பெய்தால் டிரான்ஸ்மிட்டர் தானாக நின்றுவிடும், வெயில் அடித்தால் சரியாகிவிடும். ஏன்?

ப: கனெக்டரில் தண்ணீர். ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி திரும்பி வருகிறது. வி.எஸ்.டபிள்யூ.ஆர். என்பது எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு. அது 1.5 என்றால் 100-ல் 4 வாட் திரும்பும். 2 ஆனால் 11 வாட். பாதுகாப்புச் சுற்று பார்த்து அணைத்துவிடும். முதலில் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டி ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் டிரான்ஸ்மிட்டரைத் திறக்கவே வேண்டாம், குற்றம் கேபிளிலோ ஆன்டெனாவிலோ. கனெக்டரைக் கழற்றுங்கள், உள்ளே பச்சை பிடித்திருந்தால் துடைத்து வைக்காதீர்கள், மாற்றுங்கள். பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப். கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றணும். அப்போதுதான் ஓட்டுக்கூரை மாதிரி தண்ணீர் வெளியே வழியும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாய்க்கால். கேபிள் அறைக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். ஒரு நொடிகூட.

கே: தூத்துக்குடியில் இலங்கையின் ரூபவாஹினி டிவி கண்ணாடி மாதிரி தெரிந்தது. பக்கத்து எல்.பி.டி. மட்டும் புள்ளி புள்ளியாக வந்தது. எல்லாம் உயரமான ஆன்டெனாவின் மகிமை.

ப: இல்லை. 10 மீட்டர் கம்பத்தை 20 ஆக்கினால் அடிவானம் 13-லிருந்து 18 கிலோமீட்டராகும், அவ்வளவே. ரூபவாஹினி டவர் நிற்கும் இலங்கையின் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். அதன் உச்சியிலிருந்து உங்கள் கம்பம் வரை கணக்குப் போட்டாலும் 220 கிலோமீட்டர்தான் வரும். தூத்துக்குடி சுமார் 350.

கே: அப்படியானால் வந்தே இருக்கக்கூடாதே! நாங்கள் பார்த்தது பொய்யா?

ப: பொய் என்று யார் சொன்னது? நடுவில் கடல். தண்ணீரை ஒட்டி ஈரக் காற்று, அதன்மேல் சூடான வறண்ட காற்று படிந்தால் அலை இரண்டுக்கும் நடுவே குழாயில் போவதுபோல் வளைந்து வரும். அதனால்தான் ஒருநாள் கண்ணாடி, மறுநாள் வெறும் இரைச்சல். எல்.பி.டி.க்கு அந்தச் சலுகை இல்லை. 30 மீட்டர் டவர், நடுவே கட்டடம், தென்னை.

கே: நீங்கள் சொல்வது கோடைக்குச் சரி. மார்கழியிலும் வந்ததே?

ப: வானிலை மாறினால் வரும். மாதக் கணக்கு இல்லை. ரூபவாஹினி இதோடு போதும்.

கே: மார்ச் மாதம் பகலில் சில நிமிடம் படம் போய்விடுமே, அது?

ப: சூரியன் சரியாக செயற்கைக்கோளுக்குப் பின்னால் நிற்கும் நாட்கள். செப்டம்பர் கடைசியிலும் உண்டு. எதையும் திருகாதீர்கள்.

கே: பழைய ஆன்டெனா மாடியில் இருக்கிறது. இப்போது தூர்தர்ஷன் வருமா?

ப: வராது. எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர அனலாக் ஒளிபரப்பு 2022 மார்ச்சோடு முடிந்தது. தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள்.

கே: சார், பூஸ்டர் வைத்தால் வருமா?

ப: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இல்லாத சிக்னலைப் பூஸ்டர் உண்டாக்காது, இரைச்சலைத்தான் பெரிதாக்கும்.

கே: நல்ல பூஸ்டராக இருந்தால்?

ப: நல்ல இரைச்சல்.