பெரிய மீனுக்கு எங்கே போவது? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: சில வருடங்களாக ஏரியிலும் கடற்கரையிலும் தூண்டில் போடுகிறேன். ஒரு முறையாவது வெப்பமண்டலத்துக்குப் போய்ப் பெரிய மீன் ஒன்றோடு மல்லுக்கட்ட ஆசை. ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடியும். எங்கே போகலாம்?

பதில்: விடுப்பு எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதலில் தெரிய வேண்டும். இந்த மீன்கள் இரையும் நீரின் சூடும் இழுக்கிற பக்கம் போய்க்கொண்டே இருப்பவை. நல்ல இடத்துக்கே இரண்டு மாதம் தள்ளிப் போனால் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நவம்பர் முதல் மே வரை என்றால் யோசிக்காமல் குவாத்தமாலாவின் பசிபிக் கரைக்குப் போங்கள். அங்கே மயில்மீன் (ஆங்கிலத்தில் sailfish, முதுகில் பாய்மரம் போன்ற துடுப்புள்ளது) கூட்டமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடலில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு அதிக ஆழமில்லாமலே தொடங்கிவிடுகிறது. மயில்மீனால் அதற்குள் நெடுநேரம் தங்க முடியாது. அதனால் மீனும் அதன் இரையும் மேலே உள்ள மெல்லிய நீரடுக்கிலேயே நெருக்கியடித்துத் திரிகின்றன. முதல் முறை போகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு மீன் தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போனாலும் பெரும்பாலும் அன்றைக்கே இன்னொன்று வரும், கை பழகிவிடும்.

எண்ணிக்கை வேண்டாம், ஒரே ஒரு பூதம் போதும் என்றால் அது வேறு பயணம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ், லிசர்ட் தீவுப் பக்கம், பவளத்திட்டின் வெளி விளிம்பில் கருப்பு மார்லின் (ஈட்டி போன்ற மூக்குள்ள பெரிய கடல் மீன்) இனப்பெருக்கத்துக்காகக் கூடும். 1966ல் அங்கே ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, தாண்டிய மார்லின் பிடிபட்டதிலிருந்து உலகமே அந்தக் கடலைத் தேடிப் போகிறது. அந்த அளவுக்கு வளர்வது பெண் மீன்தான். ஆனால் ஒரு வாரத்தில் அப்படி ஒன்று கிடைத்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அலை ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவரா? ஹவாயின் கோனா. எரிமலைகள் காற்றைத் தடுப்பதால் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். கரையை ஒட்டியே ஆழம் தொடங்குவதால் படகு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நீல மார்லின் வருடம் முழுக்க உண்டு, அங்கத்திய கோடையில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிகம்.

படகில் உட்கார்ந்து காத்திருப்பது பிடிக்காது, தூண்டிலைக் கையால் வீசிப் பிடிக்க வேண்டும் என்றால் ராட்சதப் பாரைதான். அந்தமான், மாலத்தீவு, ஓமான் மூன்றுமே நல்ல இடங்கள். அந்தமானுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். ஓமானின் தென்கரைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போகவே வேண்டாம். கனமான பாப்பரை (நீர்மட்டத்தில் சத்தமிட்டுத் துள்ளும் போலி இரை) நாள் முழுக்க வீச வேண்டும் என்பதால் தோளும் முதுகும் இப்போதே தயாராகட்டும். நீரோட்டம் பாறை விளிம்பில் மோதும் வேளைதான் இந்த மீனின் சாப்பாட்டு வேளை. ஓட்டம் நின்றால் கடியும் நின்றுவிடும். அதனால் தேதியைக் குறிக்கும் முன் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பாருங்கள்.

ஏரியில் பழகியவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அமேசானின் ரியோ நெக்ரோ ஆற்றில் மயில் பாஸ் என்ற நன்னீர் மீன் உண்டு. மார்லினோடு ஒப்பிட்டால் சிறியது, ஆனால் அது இரையை அடிக்கும் அடியை மறக்க முடியாது. வெள்ளம் வடியும்போதுதான் மீன் காட்டுக்குள்ளிருந்து வெளியே வரும். எந்த மாதம் என்பது ஆற்றின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. பருவம் தப்பி மழை பெய்து ஆறு ஏறினால் மீன் மறுபடியும் மரங்களுக்கிடையே போய்விடும்.

எங்கே போனாலும் குறைந்தது நான்கு நாள் தண்ணீரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். ஒரு நாளைக் காற்று கெடுத்துவிடும், இன்னொரு நாள் மீன் வாயே திறக்காது.

அப்புறம், முன்பணம் கட்டும் முன் படகோட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த மூன்று வருடங்களில் அதே மாதம் என்ன கிடைத்தது? இயற்கை இரைக்கு வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) போடுகிறாரா? வட்ட முள் வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். விட்ட மீன் பெரும்பாலும் பிழைக்கும். குவாத்தமாலாவில் மயில்மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டமே. படம் எடுக்க மீனைப் படகுக்குள் இழுக்காதீர்கள். தண்ணீரில் வைத்தே எடுங்கள். மயில்மீனோ மார்லினோ களைத்திருந்தால் அதன் நீண்ட மூக்கைப் பிடித்துக்கொண்டு படகை மெதுவாக முன்னே செலுத்தச் சொல்லுங்கள். செவுளில் தண்ணீர் ஓடி, வால் தானாக அசையத் தொடங்கியதும் கையை எடுத்துவிடலாம்.