மின்சார டிரக்கும் கேம்பிங் ஃபிரிட்ஜும்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் மின்சார டிரக் வைத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்பும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கில் 45 லிட்டர் ஃபிரிட்ஜை மூன்று நாள் ஓட்டினால் வீடு திரும்ப சார்ஜ் மிஞ்சுமா?

மிஞ்சும். கம்ப்ரஸர் ஓடும்போது இந்த ஃபிரிட்ஜ்கள் சுமார் 50 வாட் இழுக்கும். உள்ளே குளிர்ந்ததும் நின்றுவிடும். மிதமான வெயிலில் ஒரு நாளைக்கு அரை யூனிட் ஆகும். லைட்னிங்கின் சின்ன பேட்டரியே 98 யூனிட்.

ஆனால் செலவு ஃபிரிட்ஜில் இல்லை, டிரக்கில் இருக்கிறது. பிளக் பாயிண்ட்டில் கரண்ட் வர வேண்டுமென்றால் இன்வெர்ட்டரும் வண்டியின் கணினிகளும் விழித்தே இருக்க வேண்டும். அதற்கு 200 வாட் போகிறது என்று வைத்தால், ஒரு நாளில் கிட்டத்தட்ட 5 யூனிட். ஃபிரிட்ஜ் தின்பதைப் போலப் பத்து மடங்கு! மூன்று நாளில் 15 யூனிட், அதாவது ஏறக்குறைய 30 மைல் ஓட்டம். பக்கத்தில் சார்ஜர் இருந்தால் கவலையில்லை. டெத் வேலி பாலைவனம் மாதிரி இடத்தில் அந்த 30 மைல் ரொம்பப் பெரிது.

கேள்வி: அப்போ என்னதான் செய்வது?

டிரக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். 1000 வாட்-அவர் (ஒரு யூனிட்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பெட்டி ஒன்று ஃபிரிட்ஜைக் கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்கும். டிரக் நிம்மதியாகத் தூங்கட்டும். பகலில் சுற்றிப் பார்க்க ஓட்டும்போது வண்டி எப்படியும் விழித்துத்தானே இருக்கிறது, அப்போது பின்பக்க பிளக்கில் பெட்டியைச் செருகிவிடுங்கள். ஃபிரிட்ஜை மட்டும் பெட்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் போடுங்கள். டிசியை ஏசியாக்கி, மறுபடி டிசியாக்குவது வீண்.

கேள்வி: என்னிடம் ரிவியன் ஆர்1டி. கேம்ப் மோட் போதாதா சார்?

நிறுத்திய வண்டியைத் தூங்கவிடாமல் சாக்கெட்டில் கரண்ட் வரவைப்பதுதான் கேம்ப் மோட். ஒரு இரவுக்குப் போதும். அதைப் போடாமல் பூட்டிவிட்டுப் போனால் வண்டி தூங்கிவிடும், ஃபிரிட்ஜும் நின்றுவிடும். இன்னொன்று, ஃபிரிட்ஜை வண்டியின் 12 வோல்ட் பேட்டரியோடு நேரடியாக இணைக்காதீர்கள். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் வண்டி எழுந்திருக்காது. வண்டியின் சாக்கெட்டில் போட்டால் ஃபிரிட்ஜின் பேட்டரி பாதுகாப்பை (பேட்டரி இறங்கினால் ஃபிரிட்ஜைத் தானே நிறுத்தும் வசதி) 'ஹை'யில் வையுங்கள், பவர் ஸ்டேஷன் என்றால் 'லோ'.

கேள்வி: யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ராத்திரி ஃபிரிட்ஜை டிரக்கின் பின்னாலேயே விடலாமா?

கூடவே கூடாது. அங்கே இருட்டிய பிறகு வண்டிக்குள் உணவு வைப்பதே தடை. கரடி காரின் கதவையே பிய்த்துவிடும், திறந்த பின்பக்கம் எம்மாத்திரம்? மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல நேரிடுகிறது, அதனால்தான் இதில் நான் கறாராக இருக்கிறேன். முகாமில் இருக்கும் இரும்பு லாக்கரில் வையுங்கள். அதன் உயரம் 18 அங்குலம்தான். 45 லிட்டர் ஃபிரிட்ஜ் சில அதைவிடக் கொஞ்சம் உயரம், ஆகவே வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். மாலையிலேயே 2 டிகிரிக்கு இறக்கி, உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டு உள்ளே போட்டு அணைத்துவிட்டால், திறக்காத வரை பொதுவாகக் காலை வரை தாங்கும். காலையில் 4 டிகிரிக்கு மேல் ஏறி ரொம்ப நேரம் ஆகியிருந்தால் கறி, பாலைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: தோசை மாவு கொண்டு போகலாமா? பொங்கிவிடும் என்று என் அக்கா சொல்கிறாள்.

தாராளமாக. 3 டிகிரியில் பெரிதாகப் பொங்காது. டப்பாவில் பாதி காலியாக விடுங்கள், முந்தைய இரவே வீட்டு கரண்ட்டில் ஃபிரிட்ஜைக் குளிர வைத்துவிடுங்கள்.

கேள்வி: முகாமில் ஆர்வி (வீடு போன்ற பயண வண்டி) நிறுத்தும், கரண்ட் இணைப்புள்ள இடம் எடுத்தால்?

50 ஆம்ப் இணைப்பு இருந்தால் வேலை சுலபம். 240 வோல்ட்டில் 40 ஆம்ப் வரை தொடர்ந்து எடுக்கலாம், மணிக்கு 9.6 யூனிட். உங்களிடம் அதற்கான சார்ஜிங் கேபிள் இருக்க வேண்டும். மின்சார வண்டிகளை சார்ஜ் செய்ய அனுமதிக்காத முகாம்களும் உண்டு, புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.