படத்தில் தெரியாத வலி

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் வந்த முதுகுவலி இன்றும் தீரவில்லை. ஸ்கேனில் பெரிய கோளாறு இல்லை என்கிறார்கள். இரவில் உறங்குவதில்லை. பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குகிறார். மனநல மருத்துவரிடம் அழைத்தால், “நான் நடிக்கிறேனா?” என்று கோபிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, அயோத்தியாப்பட்டணம், சேலம்.

பதில்: சகோதரி, அவர் நடிக்கவில்லை என்பதை முதலில் நீங்களே அவரிடம் சொல்லுங்கள். 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பின்னரும் நரம்புகளும் மூளையும் வலி உணர்வைப் பெருக்கிக் காட்டக்கூடும் என்பதால், ஸ்கேன் படத்தில் தெரியாத வலியும் உண்மையான வலியே. உறக்கம் கெட்டால் அது மேலும் கூடும். திடீர் ஓசைக்கு நடுங்குவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். நேரில் பரிசோதித்தே அதை உறுதிசெய்ய இயலும். வலியை வெளிக்காட்டாமல் கடமையாற்றப் பழகியவரை இதற்காக நாம் குறை சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, “வலிக்கும் உறக்கத்துக்கும் சிகிச்சை பெறுவோம்” என்று அழையுங்கள். டுலோக்செட்டின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வுக்கும் நாட்பட்ட வலிக்கும் தரப்படுகின்றன. ஆனால் எதையும் மருந்துக்கடையில் தாமாக வாங்க வேண்டாம். உறங்குவதற்காக மது அருந்தினால், பின்னிரவில் உறக்கம் கலையும். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தில் அவர் உறுப்பினர் என்றால், அதன் மருத்துவ மையத்தில் (பாலிகிளினிக்) மனநலப் பரிந்துரை கேளுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் இரவிலும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், விடியும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.